கடைசிக் கட்டம்

தாளில் ஏழு கட்டங்கள்.
சாப்பாடு, துணிமணி, மருந்து,
பிள்ளைகளுக்குப் பால் என்று
பேனா போன இடமெல்லாம் பெயர்கள்.
என்னிடம் வரும்போது
கடைசிக் கட்டம்தான் வெள்ளையாகக் கிடந்தது:
கழிப்பறை.
வேறு இடமில்லாமல்தான் எழுதினேன்.
இன்றுவரை யாரும் நம்பவில்லை.

திருமணிமுத்தாறு
மற்ற நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு
பாலத்தில் கடக்கிற கறுப்புக் கோடு.
ஏற்காட்டில் இரண்டு ராத்திரி விடாமல் கொட்டியதும்
தனக்கும் ஒரு மலை இருக்கிறதென்று ஞாபகம் வந்து
கிச்சிப்பாளையத்துக்குள் நுழைந்தது.
நாங்கள் அதில் விட்டதையெல்லாம்
ஒன்று பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்தது,
சிலருக்கு அடுப்பின் மேல்,
சிலருக்குக் கட்டிலில்.

பள்ளிக்கூடத்தில் முந்நூற்றுப் பத்துப் பேர்.
கக்கூஸ் இரண்டு.
இரண்டும் முதல் நாள் மத்தியானமே
கையை விரித்துவிட்டன.

தண்ணீர் கேன்கள் ஏன் அப்படியே இருக்கின்றன என்று
முதலில் எனக்குப் புரியவில்லை.
ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
பிள்ளை பெற்று இருபது நாளான ஷர்மிளாபானு
டீயை நீட்டினால் வேண்டாம் என்கிறாள்.
உதடு வெடித்திருக்கிறது.
"குடிச்சா போகணுமேக்கா."
அவ்வளவுதான் சொன்னாள்.
சுவரோரம் இருந்த பெண்கள் எல்லோரும்
வேறு பக்கம் பார்த்தார்கள்.

வேடியப்பன் கிணறு வெட்டுகிறவர்.
சொந்த வீட்டில் முழங்காலளவு சேறு,
அதை அப்படியே போட்டுவிட்டுக்
கடப்பாரையோடு வந்தார்.
"போருக்குப் பக்கத்துல வேண்டாம்" என்று
காலால் எட்டிப்போட்டு அளந்து
மைதானத்து மேட்டில் நான்கு இடம் குறித்தார்.
நாலடியில் நீர் கசிந்தது. மூன்றடியோடு நிறுத்தினோம்.
நான் அடகுக் கடையில் ரசீது எழுதுகிறவள்.
உள்ளங்கை கொப்பளித்ததை
வீட்டில் காட்டவில்லை.

மறைப்புக்கு
தாவூத் எங்கிருந்தோ ஃப்ளெக்ஸ் பேனர்கள் அள்ளிவந்தான்.
ஒரு காதணி விழா,
ஒரு பிறந்தநாள் வாழ்த்து:
வெள்ளைச் சட்டையில் பன்னிரண்டு பேர் கும்பிட்டபடி.
வெளியே பார்க்க அசிங்கமாக இருக்கக் கூடாதென்று
படம் உள்பக்கம் வரும்படி கட்டினோம்.
போன வேகத்தில் திரும்பி வந்தார் பொன்னுருவியம்மா.
"பன்னண்டு ஆம்பளைங்க கும்புட்டுக்கிட்டு நிக்கிறானுங்க,
எப்படிடி உக்கார்றது?"
மூன்று நாளில் அந்தக் கூடம்
முதல் தடவையாகச் சிரித்தது.
அவிழ்த்துத் திருப்பிக் கட்டினோம்.
அதன் பிறகு அவர்கள்
மழையைக் கும்பிட்டார்கள்.

ப்ளீச்சிங் பவுடர். சுண்ணாம்பு.
போனவர்கள் கொட்ட ஒரு டப்பா மண்.
ஓட்டை போட்ட எண்ணெய் கேனில் கை கழுவத் தண்ணீர்,
கயிற்றில் சோப்பு.
சோப்பை இரண்டு முறை காக்கா தூக்கிப்போனது.
ராத்திரிக்கு ஒரு பல்பு,
அந்த ஒரு பல்புக்கு ஒன்பது போன்.
படம் எடுக்க வந்தவர்கள்
சாம்பார் வாளியோடு நின்றவர்களை எடுத்துக்கொண்டு
போய்விட்டார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம்
"அதுக்குள்ள தண்ணி தீந்துடுச்சா,
யாருக்கா கேன் மாத்தறது?" என்று
ஷர்மிளா சத்தம் போட்டாள்.
காது கேட்காதவள் மாதிரி நின்றேன்,
இன்னொரு தடவை கேட்பதற்காக.

ஆறாம் நாள் மாநகராட்சி வண்டி வந்தது.
கன்னியம்மா ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்து
"சுண்ணாம்பு பத்தல" என்றார்.
பிறகு என் கைகளைப் பார்த்தார்.
முழங்கை வரை மஞ்சள் ரப்பர்.
"இத எங்க குடுத்தாங்க?"
"இங்கதான், சங்கத்துல."
"நாங்க மூணு வருசமா எழுதிக் குடுக்கறோம்."
கோபமாகச் சொல்லியிருந்தால்
ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

கழுவிக் கழற்றிக் கொடுத்தேன்.
அவர் விரல்களுக்கு அது சிறிசு.
நுனி வரை போகவில்லை.
போட்டுக்கொண்டு குழிக்குத் திரும்பினார்.

முகாம் முடிந்ததும் மறுபடி ஒரு தாள்.
கையுறை, ஒரு ஜோடி.
பெற்றேன்: என் கையெழுத்து இருக்கிறது.
திருப்பிக் கொடுத்தேன்: காலி.
பதினோரு வருடம் அடகுக் கடையில்
ஒரு கள்ளக் கணக்கு எழுதாத கை
அந்தக் கடைசிக் கட்டத்தில்
நிறுத்தி, அழகாக எழுதியது:
தொலைந்துவிட்டது.