ஐந்து பேருக்கு ஒரு உடம்பு

விலை ஏறின அறிவித்தல் விடியப்புறம் வந்தது.
பன்னிரண்டு தொண்ணூற்றொன்பது
பதினைந்து தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது.
இன்னும் சிறந்த உலகை உங்களுக்குத் தர
என்று கீழே ஒரு வரி.

நான் டொலரை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதில்லை,
போட்டோக் கொப்பியாக மாற்றுவேன்.
பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட எங்கட கடை.
பக்கம் பத்து ரூபா.
அப்ப நானூற்றெண்பது பக்கம்:
கடைசி வருசப் பெடியன் ஒருத்தன்ர ஆய்வேடு
நாலு பிரதி, அட்டை கட்டாமல்.
அதுவும் முதலாளியின் காசு.
என்ர சம்பளத்தில் அது எத்தனை பக்கம் என்று
ஒருநாள் கணக்குப் போடத் தொடங்கி
பேப்பர் இறுகிப்போச்சு, விட்டிட்டன்.

எங்கட நாட்டுக்குத் தனி விலை உண்டோ எண்டு கேட்டு எழுதினோம்.
பட்டியலில் பெயர் இருந்தது. நேரே அதே டொலர்.
டோர்ட்முண்டில் இருக்கிற குழுத் தலைவன்
"ஒரு பீட்சாக் காசுதானே" என்றான்.
கோபம் வரவில்லை. அவனுக்கு அது பீட்சாதான்.
ஆஸ்பத்திரி வீதியிலும் பீட்சாக் கடை இருக்கு;
அதன் வாசலில் தலைக்கவசத்தோடு
திலக்சன் நிற்பான்,
ஆருக்கோ கொண்டுபோக.

திலக்சன், மதுரா,
மூன்றாந்தரம் ஏ.எல். எடுக்கிற சாருகேசன்,
கோண்டாவில் கராஜில் அபிதரன், நான்.
தலைக்குத் தொள்ளாயிரத்து அறுபது.
மதுராவின் வங்கி அட்டை மட்டுந்தான் கடல் தாண்டும்.
ஐந்து உருவங்களில் ஒன்றை வைத்திருக்கலாம் என்று வந்தபோது
என்ர காயாம்பூவை வைத்தோம்,
காயம் ஆற்றுகிறவள் எங்கேயும் தேவை என்பதால்.
மற்ற நாலு பேரும்
கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள்,
சாருகேசனின் வில்லாளி ஒரு படகுக்குக் காத்தபடி.

ஒரு கணக்கு ஒரு ஆளுக்கு மட்டும், பதினாலாம் பிரிவு.
பழுதான தாளின் பின்பக்கத்தில்
நேரசூசி எழுதி மெசினில் ஒட்டினேன்.

மதுரா தன் காயத்தை முதலில் கட்டுவாள்.
சாருகேசன் கல்வெட்டெல்லாம் வாசிப்பான், சண்டை முடிந்துவிடும்.
திலக்சன் ஓடர் வந்தால்
வாள்வீச்சுக்கு நடுவில் அசையாமல் நிற்பான்.
அபி பின்வரிசையில் நின்றதே இல்லை;
மருந்துப் பையோடு முன்னால் ஓடி
முதல் ஆளாய்ச் சாவான்.

டோர்ட்முண்ட்காரன் முதலில் சுகமில்லையோ என்று கேட்டான்.
பேந்து ஒருநாள், வலு சாதாரணமாக,
"இண்டைக்கு நீ ஆர்?"
ஒருத்தரும் பதில் போடவில்லை.
அவனும் பிறகு
வணக்கம் சொல்கிற மாதிரி அதையே கேட்டான்.

மற்ற மாதம் அபி காசு தரவில்லை.
கடைக்கு வந்தான், ஏதோ படிவம் கொப்பி எடுத்தான்,
இருபது ரூபாவைச் சரியாக எண்ணி வைத்தான்.
போகும்போது பேனை வாங்கி
வியாழக்கிழமையில் தன் பெயரை வெட்டினான்.
"டயர் மாத்தோணும்" என்றான். நான் தலையாட்டினேன்.
நாலு பேர் ஆயிரத்து இருநூறு போட்டோம்.
வியாழனைப் பங்கு போடுவமோ எண்டு
ஒருத்தரும் கதைக்கவில்லை.
காசு கட்டின நாள் சும்மா கிடந்தது,
மூன்று கிழமை.

நாலாவது வியாழன் கடை பூட்டினாப் பிறகு
மெசின் சூடு ஆறமுன்னம் உள்ளே போனேன்.
பாலத்தடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள்.
இண்டைக்கு நீ ஆர்?
நான் ஒன்றும் எழுதவில்லை.
மருந்துப் பையோடு முன்னால் ஓடினேன்,
கேடயக்காரனைத் தாண்டி, எண்ணிப் பார்க்காமல்,
பாலத்தின் நடுவில் செத்தேன்.

"வியாழக்கிழமை ஆள் வந்திட்டான்!"
என்று அவன் எழுதினான், மூன்று சிரிப்போடு.

கிடந்த கோலத்தைப் படமெடுத்து அபிக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு
கோப்பை கழுவும்போது பதில் வந்தது:

"இடப்பக்கத்தால எல்லோ ஓடியிருக்கோணும்."