படைப்புக்கு மறுநாள்

இஸ்திரிப் பெட்டியோடு வரச் சொன்னார்கள்.
துணி இல்லையாம்,
மேசையாம்.

பள்ளத்தூரில் பதினேழு வருஷமாய்த் தேய்க்கிறேன்.
பட்டு தேய்த்திருக்கிறேன், பந்தல் துணி தேய்த்திருக்கிறேன்,
மந்திரி வந்தபோது தொங்கவிட்ட திரையை
தொங்கினபடிக்கே தேய்த்திருக்கிறேன்.
மரத்தைத் தேய்த்ததில்லை.
வளவுக்குள் வந்ததுமில்லை,
இதுவரை பின்கட்டு வாசலோடு சரி.

பர்மாத் தேக்கு மேசை. பதினோரு புள்ளிக்கும் பொது.
பொது என்றால் தொட எல்லாருக்கும் பாத்தியம்,
துடைக்க ஒருத்தருக்கும் இல்லை.
போன மாசம்தான் செலவைப் பதினொன்றாய் வகுத்து
வார்னிஷ் அடித்தார்கள்.
அதன் நடுவில்
பால் காய்ந்தது போல ஒரு வெள்ளை வட்டம்.
தடவினால் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

நான் போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது.
வட்டத்தின் மேல் ஒவ்வொரு பாத்திரமாய் வைத்துப் பார்க்கிறார்கள்.
சா.வயி. தம்ளர், சின்னது.
நா.மெ. டவரா, பெரிசு.
பினாங்கிலிருந்து வந்த பூப்போட்ட கோப்பை,
வாய்தான் பெரிசு.
எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கிறது.
சீர் வந்த அன்றைக்கே வெட்டிவிடுவார்கள்,
பிற்பாடு பேச்சு வரக்கூடாதென்று.
பேச்சு வந்துகொண்டிருந்தது.

“எங்க பக்கம் காபி ஆறித்தான் வரும்” என்றார் ஒருத்தர்.
அவர் வீட்டு ஆச்சி திரும்பிப் பார்த்தாள்.

வைத்தியமும் நடந்திருக்கிறது.
பற்பசை ஒரு புள்ளி, தேங்காயெண்ணெய் ஒரு புள்ளி,
சாம்பலில் எலுமிச்சை பிழிந்தது யாரென்று தெரியவில்லை.
மேசை
பல் விளக்கிய வாசனை அடித்தது.

குனிந்து பார்த்தேன். வெள்ளை. நல்லதுதான்.
வெள்ளையென்றால் ஆவி மேல்பூச்சிலேயே மாட்டிக்கொண்டு
உள்ளே போகாமல் வெளியே வராமல் நிற்கிறது.
கறுத்திருந்தால் மரம் குடித்துவிட்டது,
ஆசாரியைக் கூப்பிடுங்கள் என்று திரும்பியிருப்பேன்.
மஞ்சள் கறை வெயிலுக்குப் பயப்படும்.
வாழைக் கறை யாருக்கும் பயப்படாது.
சூட்டில் வந்தது சூட்டுக்குத்தான் பயப்படும்.

நெருப்பில் பாதியை அள்ளி வெளியே போட்டேன்.
ஈர விரல் பட்டால் பெட்டி கத்தக் கூடாது,
முனக வேண்டும், அந்தச் சூடு.
காய்ந்த வேட்டி, நாலு மடிப்பு.
வைத்து எடுத்து, வைத்து எடுத்து,
பத்து எண்ணுமுன் துணியைத் தூக்கிப் பார்த்து.
ஒரு நொடி அசந்தால் வார்னிஷ் கொப்புளித்துவிடும்,
அந்தக் கொப்புளத்துக்குப் பதினோரு பேருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் தரம் வட்டம் பிறையாயிற்று.
அப்போதுதான் கவனித்தேன், ஒரு பக்கம் நசுங்கிய பிறை.
என் உள்ளங்கைக்கு அந்த நசுங்கல் தெரியும்.
பின்கட்டு ஜன்னலில் எனக்கென்று கவிழ்த்திருக்கும் தம்ளர்.
இந்த வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் அது ஒன்றுதான்.
அளக்க அதை ஒருத்தரும் கொண்டுவரவில்லை.

நேற்று ராத்திரி
பாத்திரமெல்லாம் கழுவப் போட்டுக் கிடக்க,
சிங்கப்பூர் ஏகப்பன்
கைக்கு அகப்பட்டதில் காபியை ஊற்றிக்கொண்டு
வளவுப் பக்கம் போனார்.
நான் அழுக்குத் துணி எண்ணிக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கொண்டே இருந்தேன்.

இப்போது அவரும் கூட்டத்தில் நிற்கிறார்,
கையில் பேர் வெட்டிய தம்ளரோடு.
“நம்முது பொருந்தலே, பார்த்தீங்கள்ல?”

பிறையும் போயிற்று.
பதினோரு புள்ளியும் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தது.
யார் வைத்தது என்ற பேச்சு
பாத்திரங்களோடு உள்ளே போயிற்று.
கூலி நூற்றைம்பது பதினொன்றால் வகுபடவில்லை.
ஏகப்பனே கொடுத்தார், முழுசாக.

நின்ற இடத்துக்கே டீ வந்தது, அந்தத் தம்ளரில்.
வழக்கமாய்க் கீழே வைத்து ஆற்றிக் குடிப்பேன்.
இன்றைக்கு எங்கேயும் வைக்கவில்லை.
முந்தானையைச் சுற்றிப் பிடித்து
சுடச்சுட, நின்றபடி.

கழுவிக் கவிழ்க்கும்போது
நசுங்கிய பக்கத்தைச்
சுவர்ப் பக்கமாய்த் திருப்பி வைத்தேன்.