இருபது தெத்ரி

திபிலிசி, க்ல்தானி குடியிருப்பு, எட்டாம் மாடி.
லிஃப்டின் உண்டியல்
நிற்பவர்களின் நெஞ்சுயரத்தில் இருக்கிறது.
ஏற இருபது தெத்ரி. இறங்க இருபது.

நுக்ஸாருக்கு முதுகெலும்பு முறிந்து ஆறு வருடம்.
சாரம் சரிந்தது என்பார், அதற்குமேல் பேசமாட்டார்.
படிவத்தை விரித்தேன்.
கடந்த நான்கு வாரத்தில்
எத்தனை முறை வெளியே போனீர்கள்?
"எதிர்வீட்டு லாஷாவுக்குப் பள்ளி இல்லாதபோது.
காசு போட அவன் கை வேண்டுமே."
எண்ணாகச் சொல்லுங்கள்.
"இரண்டு."

வலி? ஐந்து. உறக்கம்? நான்கு.
பணம் போதுகிறதா?
சிரித்தார். சிரிப்புக்குக் கட்டம் இல்லை.
மொத்தத்தில் வாழ்க்கை, பத்துக்கு எத்தனை?
சன்னலைப் பார்த்தார்.
கீழே யாரோ தர்பூசணியைத்
தட்டித் தட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.
"மூன்று. எழுதிக்கோ."

பங்கேற்றதற்கான பத்து லரி நோட்டை நீட்டினேன்.
"சில்லறையாகக் கிடைக்குமா?"

மூலைக்கடையில் மாற்றி வந்தேன்,
மேலேறிவர என் காசு.
ஐம்பது நாணயம்.
போர்வைமேல் இரண்டிரண்டாக அடுக்கினார்,
போக ஒன்று, வர ஒன்று,
இருபத்தைந்தாவது ஜோடியில் விரல் நின்றது.

"அந்த மூன்றை அடித்துவிடு.
ஆறு போடு."
கொஞ்சம் யோசித்து,
"ஆகஸ்ட் முடியும்வரை."

அடித்தெழுதிய விடை செல்லாது என்கிறது கையேடு.
பேனாவை மூடாமலே
எட்டு மாடியும் நடந்து இறங்கினேன்.