தீர்மானம் எண் ஏழு

காங்கேயத்தில் எங்கள் சபையின் குறிப்பேட்டில்
சண்டை என்ற சொல் ஒருமுறைகூட இல்லை.
எனக்கு முன்னிருந்த மூன்று செயலாளர்களும்
'கலந்துரையாடப்பட்டது' என்றே எழுதியிருக்கிறார்கள்.
ஒரு பக்கத்தில் மட்டும்
பேனா அழுந்தித் தாள் கிழிந்திருக்கிறது.

ஏழாம் தீர்மானம் நான் கொண்டுவந்தது.
திருவிருந்தில் இனி ஒரே பாத்திரம் வேண்டாம்,
ஆளுக்கொரு சின்னக் கிண்ணம்.
பகலெல்லாம் பிறர் சளியைக்
கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்க்கிறவள் நான்.
தாராபுரம் ரோட்டு லேபில் பதினாறு வருடம்.
உதட்டிலிருந்து உதட்டுக்கு என்ன போகும் என்று தெரியும்.
கொரோனாவில் நாங்கள் அடக்கம்பண்ணின
ஐந்து பேரின் பெயரையும் வரிசையாய்ச் சொன்னேன்.
எஸ்றா அண்ணன் தலையாட்டினார், அரிசி மில்காரர்.
நூற்றிருபது கிண்ணம், எவர்சில்வர்,
தன் செலவு என்றார்.

அப்போதுதான் தோர்க்காள் எழுந்தாள்.
தேங்காய்க் களத்திலிருந்து நேராக வந்தவள்,
முந்தானையில் பருப்பு வாசம்,
நகக்கண்ணில் நார்.

"ஏனுங், தனித்தனி டம்ளருங்களா?"

ஃபேன் சுற்றுவது எல்லோருக்கும் கேட்டது.

"எங்கப்பன் டீக்கடைக்கு வெளிய குத்தவெச்சு
கொட்டாங்குச்சியில வாங்கிக் குடிச்சாருங்.
அப்பவும் சுத்தம்னுதான் சொன்னாங்க.
இங்க வந்து மத்தவிய வாய் வெச்ச கிண்ணத்துல
வாய் வெச்சப்பறந்தானுங் அவரு பேரையே மாத்துனாரு."

அது வேறு, இது வேறு என்றேன்.
கிருமிக்குச் சாதி தெரியாது என்றேன்.

"கிருமிக்குத் தெரியாதுங்.
கிண்ணத்துக்குத் தெரியும்."

ஆயர் நல்லவர். குரல் ஏறினால்
வெயிலில் குடை விரிப்பதுபோல் ஜெபத்தை விரிப்பார்.
கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்.
"ஜெபம் பண்ணலாமுங்கய்யா,
பேசி முடிச்சுப்போட்டு" என்றாள்.
உயர்ந்த கை என்ன செய்வதென்று தெரியாமல்
தலையைச் சொறிந்துகொண்டது.

அந்தியோகியாவில் ஒரு பந்தியில்
ஒருவர் மெல்ல எழுந்து தள்ளி உட்கார்ந்தார்.
இன்னொருவர் எல்லார் முன்னாலும் ஏனென்று கேட்டார்.
யாரும் ஜெபித்து முடித்துவைக்கவில்லை.
இன்றைக்கு இருவருக்கும் ஒரே நாளில் திருநாள்.
இது எனக்கு அப்போது தோன்றவில்லை.
அப்போது எனக்குக் காது சூடாக இருந்தது,
அவ்வளவுதான்.

இரண்டும் இருக்கட்டுமே,
வேண்டியவர் வேண்டியதில், என்றார் எஸ்றா அண்ணன்.
எழுதப் பேனாவை எடுத்தேன்.
தோர்க்காள் சிரித்துவிட்டாள்.
"ரண்டு வெச்சா அதுக்குப் பேரே
ரெட்டை டம்ளர்தானுங்ணா."
பேனாவை மூடினேன்.
அதில் அவள் சொன்னது சரி.
நான் சொன்ன ஐந்து பெயரும் சரி.
நான்காவது பெயர் அவள் வீட்டுக்காரர்.
அதை அவளும் சொல்லவில்லை,
சொல்லும்போது நானும் அவளைப் பார்க்கவில்லை.

மணி பத்தரை. கடைசி பஸ் போயிருந்தது.
என் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டாள், படியூர் வரை.
இருபுறமும் களங்களில் காயும் பருப்பு
இருட்டில் பற்களாய் வெளுத்துக் கிடந்தது.
என் தோளில் தாடையை ஊன்றிக்கொண்டு
காற்றுக்கு மேல் கத்தி வாதாடினாள்.
நானும் ரோட்டைப் பார்த்தபடியே கத்தினேன்.
என் பின்கழுத்தில் எச்சில் தெறித்தது,
இரண்டு துளி, மூன்று இருக்கலாம்.

துடைத்தாயா என்று கேட்டால், துடைத்தேன்.
வீட்டுக்கு வந்தபிறகு,
சோப்புப் போட்டு.

அடுத்த கூட்டம் பதினான்காம் தேதி.
பிள்ளைகள் தூங்கியபின் குறிப்பேட்டை விரித்து
எழுதினேன்:

தீர்மானம் எண் ஏழு. சண்டை.
முடியவில்லை.
தோர்க்காளை வீட்டில் விட்டுவந்தேன்.