குயில் அலகு

பிப்ரவரி. கஸ்தோரியா ஏரிக்கரை முழுக்கப் பனிக்கட்டி.
பள்ளிப் பேருந்தின் கடைசிப் படியில்
கால் வழுக்கி
லாம்ப்ரினி உட்கார்ந்தாள்.
விழுந்தேன் என்று சொல்ல மனமில்லை அவளுக்கு.
உட்கார்ந்தேன், கொஞ்சம் வேகமாக, என்றாள்
எக்ஸ்ரே அறையில்.

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த ஆர்கிரிஸ்
முதுகெலும்பு முடிந்துபோகும் இடத்தில்
பேனா நுனியை வைத்தான்.
கொக்கிகாஸ். சின்ன விரிசல்.
கட்டுப் போட முடியாது. ஆறு வாரம்
உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
பேருந்து ஓட்டுகிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

(எனக்கோ அந்தச் சொல்லில்
கொக்கி கேட்கிறது. வளைவும் கொக்கிதான்.
ஆனால் உறவில்லை, வெறும் ஒலி.
நாம் வாலெலும்பு என்று சொல்லிவிட்டு
குரங்கை நினைத்துக்கொள்கிறோம்.)

இரவு, லீட்ஸிலிருந்து மகள் தெஸ்பினா.
இயன்முறை மருத்துவம், இரண்டாம் ஆண்டு.
அம்மா, இங்கே இதற்குக் காக்சிக்ஸ் என்று பெயர்,
எழுத்துக்கூட்டவே ஒரு மதிப்பெண் போயிற்று.
நம் பழைய சொல்தான். குயில் என்று அர்த்தம்.
அந்த எலும்பு குயிலின் அலகு மாதிரி இருக்கிறதாம்.

குயில் என்றால் கூக்கோஸ் அல்லவா?
லாம்ப்ரினியின் வாயில்
பறவை ஒரு சொல், எலும்பு ஒரு சொல்.
ஒரே தெருவில் குடியிருந்தும்
முகம் பார்த்துக்கொள்ளாத இரண்டு பேர்.

எவனோ ஒருவன், முன்னொரு காலத்தில்,
இறந்தவரின் கடைசி எலும்பை
உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறான்.
சன்னலுக்கு வெளியே அப்போது கூவியதோ என்னவோ.
பெயர் வைத்தான். பறவை பறந்தது.
முட்டை மட்டும்
லத்தீனின் கூட்டில், பிறகு ஆங்கிலத்தின் கூட்டில்.
இப்போது அது ஒரு வாடகை அறையிலிருந்து,
மழைச் சத்தத்தின் நடுவே, அவளுக்கே கூவுகிறது.

யார் முட்டை யார் கூட்டில் என்று
லாம்ப்ரினி யோசித்திருக்கலாம்.
சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாள்.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினாள்,
நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் வளையத்தோடு.
கூடு, கூடு என்று பின்னிருக்கைப் பையன்கள்.
வேகத்தடை வரும்போதெல்லாம்
உள்ளே ஒரு கொத்து.

ஏப்ரல் கடைசியில், பாப்லர் மரங்களுக்கு அப்பால்,
குக்கூ.
ஒரு குயில் கூவி வசந்தம் வராது
என்பது அங்கே பழமொழி.
லாம்ப்ரினி கியரை மாற்றினாள்.
ஒன்று மரத்தில்.
ஒன்றின் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.
எண்ணிக்கொள்ளுங்கள்.