பத்து மதிப்பெண் வினா

தாம்பரத்தில் ஏறும்போதே ஜன்னல் இருக்கை கிடைத்துவிட்டது.
மடியில் நாற்பத்தொரு விடைத்தாள்கள்,
சிவப்பு மைப் பேனா,
மூடியோரம் கசியும் தண்ணீர் பாட்டில்.
கிறிஸ்தவக் கல்லூரி, செவிலியர் மூன்றாம் ஆண்டு,
மருத்துவ அறநெறி, உள்தேர்வு இரண்டு.

வினா நான்கு:
நோயாளிக்குப் புற்றுநோய். மகன் உங்களைத்
தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்
அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறான்.
நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான்தான் எழுதினேன் இந்த வினாவை,
லெந்து காலத்து வெள்ளி ஒன்றில்
வெறும் வயிற்றோடு.

குரோம்பேட்டை வருவதற்குள் ஏழு தாள் முடிந்தது.
எல்லோரும் நான்கு தூண்களை நட்டிருந்தார்கள்.
தன்னுரிமை, நன்மை, தீங்கின்மை, நீதி.
ஸ்கேல் வைத்து அடிக்கோடு.
பெனடிக்டா ஐந்தாவதாக ஜெபத்தையும் சேர்த்திருந்தாள்.
அரை மதிப்பெண் போட்டேன்.
ஜெபத்துக்கு அரை போடுவது சரிதானா என்று
சிக்னலில் வண்டி நின்றபோது யோசித்தேன்.

வகுப்பில் ஒருமுறை ரமீஜா கேட்டாள்,
"பொய் சொல்லாதேன்னு உங்க கட்டளையிலயே இருக்கே மேடம்,
அப்புறம் எதுக்கு இதுக்கு ரெண்டு பீரியட்?"
சிரித்தார்கள். நானும்.
பக்கத்துச் சிற்றாலயத்தில் யாரோ
ஆர்மோனியத்தின் ஒரே கட்டையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பதில் சொல்லும் முன் மணி அடித்தது.
அந்த மணிக்கு நான் கடன்பட்டவள்.

பல்லாவரம் தாண்டித் தமிழ்க்கொடியின் தாள்.
வகுப்பில் தூங்குகிறவள்.
போரூரில் ஏதோ மருத்துவமனையில் இரவு வேலை என்று
மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.
அவள் தாளில் தூண் இல்லை, அடிக்கோடு இல்லை.

"மகனிடம் சரி என்பேன்.
அவன் அழுது முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.
பிறகு பெரியவருக்கு டயபர் மாற்றப் போவேன்.
ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கேட்பார்கள்,
கூட இருப்பவர் தூங்கின பிறகு.
எனக்கு என்னம்மா என்றால்
என்னன்னு நினைக்கிறீங்க என்பேன்.
அவர் சொல்வதை மறுக்க மாட்டேன்.
கேட்காதவர்களுக்கு முதுகைத் துடைத்துவிடுவேன்.
காலையில் டாக்டரிடம் சொல்வேன்,
அவருக்குத் தெரியும் சார்,
மகனுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை."

அவ்வளவுதான்.
பக்கத்தின் மீதி வெள்ளை.

திரிசூலம். மீனம்பாக்கம்.
ஒரு விமானம் சக்கரங்களை நீட்டியபடி
தலைக்கு மேல் இறங்கியது.
பேனாவை மூடியிருந்தேன், எப்போது என்று தெரியவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்
கீழ்ப்பாக்கத்தில் ஒரு தாழ்வாரத்தில்
டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு
அவருக்குத் தெரிய வேண்டாம் என்றவள் நான்.
அப்போதும் இதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.
அடுத்த வாரம் அவர்
பால்கனிக் கம்பிக்குப் பச்சை பெயின்ட்
இரண்டு லிட்டர் வாங்கி வந்தார்.
கோடை முடியட்டும், அடிக்கலாம் என்றார்.
நான் போய் பிரஷ் வாங்கினேன்.

தெரிந்து வாங்கினாரா,
தெரியாமலா,
என் முகத்துக்காகவா.
டப்பா இன்னும் பரண்மேல் இருக்கிறது.
ஆட்டினால் சத்தம் வருவதில்லை.

ஏதோ ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு
அவரும் கேட்டிருப்பார்.
நான் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.
நீலச் சீருடையில் ஒரு பெண் இருந்தாள்,
அடிக்கடி இருமுவாள்.
டிஸ்சார்ஜ் அன்று ஐம்பது ரூபாய் கொடுத்தேன்.
பெயர் கேட்கவில்லை.

விடைக்குறிப்பில் இருக்கிறது,
கோட்பாடுகளைக் குறிப்பிடாவிட்டால்
நான்குக்கு மேல் போடக் கூடாது என்று.
அதையும் எழுதியவள் நான்தான்.

மாம்பலத்தில் கூட்டம் ஏறியது.
யாருடைய பூக்கூடையோ முழங்காலில் இடித்து
விடைத்தாளில் ஈரம் சொட்டியது.
புறங்கையால் துடைத்துவிட்டு
எட்டு என்று எழுதினேன்.

இரண்டு ஏன் குறைத்தீர்கள் என்று அவள் கேட்டால்
மகனிடம் சரி என்றாயே, அது பொய்தானே என்பேன்.
கேட்க மாட்டாள்.
நாளைக்கும் முதல் பீரியடில் தூங்குவாள்.
கடைசி பெஞ்சுக்கு மேலிருக்கும் டியூப்லைட்டுக்கு
தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று
பார்க்க வேண்டும்.