மைனஸ் முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்

தடைக்காலத்தில் மண்டபத்தில் எனக்குத்தான் வேலை.
எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் செட்:
உப்பு தின்ற போர்டுகளை
பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

நம்புச்செல்வம் கொண்டுவந்தது அது எதுவுமில்லை.
லேமினேட் செய்த ரசீது.
மரைக்காயர் ஐஸ் பிளாண்ட். தொண்ணூற்றொன்று ஜூலை.
பாக்கி என்ற இடத்தில் ஒரு கோடு,
கோட்டுக்குப் பின்னால் 32768.

"கோடு போட்டா அவுக எனக்குத் தரணும்னு அர்த்தம்.
மெஷினே சொல்லியிருக்கும்மா."

முப்பது வருஷத்துக்கு மேலாக இதே பேச்சு.
அன்றிலிருந்து அவர் படகுக்கு ஐஸ்
பாம்பனிலிருந்து, பாலத்தைத் தாண்டி,
வழியெல்லாம் சொட்டிக்கொண்டு வருகிறது.

மரைக்காயர் மகள் ஜுனைதா
கணக்கறையில் கிடந்த எட்டு பிளாப்பியைத் தந்தாள்.
ஏழில் பூஞ்சை.
எட்டாவது, மூன்றாம் தடவை, முனகிக்கொண்டே வாசித்தது.

லேப்டாப்புக்குள் வேறொரு கம்ப்யூட்டரை எழுப்பினேன்.
அறுபத்து நாலு கே. நாலு மெகாஹெர்ட்ஸ்.
கறுப்புத் திரையில் ஏ என்று ஒரு எழுத்து,
பக்கத்தில் படுத்த தூண்டில் முள்.
வேகத்தை ஆயிரம் மடங்கு கூட்டலாம். கூட்டினேன்;
ஒரு சாவியைத் தொட்டதற்கு நாற்பது எழுத்து கொட்டியது.
அதன் நிதானத்துக்கே விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்து சி கம்பைலர்
ஒரே மூச்சில் எதையும் முடிக்காது.
ஒரு நடை வாசிக்கிறது. ஒரு நடை மாற்றி எழுதுகிறது.
பிறகு லிங்க்கர் வந்து
பி டிரைவில் அடுத்த டிஸ்க்கைப் போடு என்று நிற்கிறது.
இல்லாத டிரைவில் இல்லாத டிஸ்க்கைப் போட்டேன்.
நம்பிக்கொண்டது.

பதினொரு நிமிஷம்.
கரண்ட் போனது, வந்தது. கச்சானில் ஷட்டர் அடித்துக்கொண்டது.
அந்த நேரத்தில்தான் நிரலைப் படித்தேன்.
எழுதியவன் பெயர் எங்கேயும் இல்லை.
பாக்கியைக் கூட்டும் வரிக்கு மேல்
ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு:
இதுக்கு மேல எவன் கடன் வாங்கப் போறான்.

குறிப்பைக் கம்பைலர் படிக்காது.
தாண்டிப் போகும். அதன் சட்டம் அப்படி.

பழைய பாக்கி 31900 என்று அடித்தேன்.
முப்பத்தொரு பார், பார் இருபத்தெட்டு ரூபாய்.
என்டர்.

அதே கோடு. அதே எண்.

"ஆழம் தாங்காம எக்கோ சவுண்டர்
நடுக்கடல்ல மூணு பாகம்னு காட்டும்ல, அதுமாதிரிண்ணே.
பதினாறு பிட்டுக்கு மேல அதுக்கு இடமில்ல.
உச்சியத் தாண்டினா அடியில போய் விழுந்திரும்."

மூணு பாகம் அவருக்குப் புரிந்தது.
நாற்காலியின் நுனிக்கு வந்தார்.
"முப்பது பார் ஏத்தியிருந்தா?"

32740. கோடு இல்லை.

"முப்பதுதான் கேட்டேன்.
காத்து அடிக்குது, கரைஞ்சிரும்,
ஒண்ணு கூட வச்சுக்கன்னாரு மரைக்காயர்."

ஷட்டர் மறுபடி அடித்தது.
இப்போதாவது திருத்த முடியுமா என்றார்.
பெரிய எண்ணாக மாற்றி எழுதி, கம்பைலரிடம் கொடுத்தேன்.
எண்பத்து நாலாம் வரியில் பிழை என்றது.
அப்படி ஒரு எண்ணை அது கேள்விப்பட்டதே இல்லை.
பிழை என்று சொல்லவும்
நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது.

நம்புச்செல்வம் ரசீதைக் கையில் எடுத்து
பெருவிரலால் கோட்டை மறைத்துக்கொண்டு
எண்ணை மட்டும் வாசித்தார்.
ஒவ்வொரு இலக்கமாக,
ஏலத்தில் கடைசி விலை சொல்கிற மாதிரி.

"அந்தப் பிள்ளை வீடு
இன்னும் பள்ளிவாசலுக்குப் பின்னாலதானா?"

ஆமாம் என்றேன்.
வெளியே நின்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

திரையில் ஏ.
முள்ளில் எதுவும் மாட்டாமல்
சிமிட்டிக்கொண்டிருந்தது.